புதுப்பிப்பு: ஐபி டிப்ளமோவில் 36 புள்ளி போதுமா?

மகளின் ஐபி டிப்ளமோவுக்கு (பிளஸ் டூவுக்கு இணையான சர்வதேசப் பள்ளிப் படிப்பு) 36 புள்ளி வரும் என்று பள்ளியில் கணித்திருக்கிறார்கள், பல்கலைக்கழகம் ஏற்குமா என்று போன இழையில் கேட்டிருந்தேன். இடம் கிடைத்துவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக இது.

36ஐ 80 சதவீதம் என்று மாற்றிப் பார்க்காதீர்கள். ஆறு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை, அது 42. நீள்கட்டுரைக்கும் (மாணவர் தானே ஆய்ந்து எழுதுவது) அறிவுக் கோட்பாட்டுக்கும் (ஒன்றை எப்படி அறிகிறோம் என்று ஆராயும் பகுதி) சேர்த்து அதிகபட்சம் 3. ஆக மொத்தம் 45. தேற 24 வேண்டும். ஆனால் அந்தக் கட்டுரையிலோ அறிவுக் கோட்பாட்டிலோ 'ஈ' (E) என்ற கடைசி கிரேடு வந்தால், மொத்தம் எவ்வளவு இருந்தாலும் டிப்ளமோ கிடையாது! கட்டுரையைக் கடைசிவரை தள்ளிப்போடும் பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. பள்ளிகள் இதை முதல் நாளே அழுத்திச் சொல்ல வேண்டும்.

சேர்க்கையில் மொத்தப் புள்ளி மட்டும் கைகொடுக்காது. ஆறில் குறைந்தது மூன்று பாடங்களை உயர்நிலையில், அதாவது கூடுதல் ஆழத்தில், படிக்க வேண்டும்; அவற்றின் புள்ளிகளையும் தனியாகப் பார்ப்பார்கள். மகளுக்கு பிரிட்டனிலிருந்து வந்த கடிதத்தில், 'மொத்தம் 36, உயர்நிலைப் பாடங்களில் 6, 6, 6, அதில் ஒன்று கணிதம்' என்று நிபந்தனை. மொத்தம் 38 எடுத்து கணிதத்தில் 5 வாங்கினாலும் அந்த இடம் உறுதியில்லை.

அமெரிக்காவில் பல கல்லூரிகள் உயர்நிலைப் பாடத்தில் நல்ல கிரேடு இருந்தால் கிரெடிட் (கல்லூரிப் பாடம் ஒன்றை முடித்ததாகக் கணக்கு) தருகின்றன. 5 போதுமா, 6 வேண்டுமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

பொறியியல் நினைப்பவர்கள் கணிதத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே விசாரியுங்கள். இரண்டு வகைக் கணிதம் உண்டு: பகுப்பாய்வுக் கணிதம் (Analysis and Approaches), பயன்பாட்டுக் கணிதம் (Applications and Interpretation). பகுப்பாய்வுக் கணிதத்தை மட்டுமே ஏற்கும் துறைகள் இருக்கின்றன.