உதவி தேவை: என் யாளி ஏன் முன்னால் விழுவது போலத் தெரிகிறது?

வைகைக்கரை (திங்கள், இரவு 11:42)

வணக்கம். மூன்று வாரமாகக் கணினியில் முப்பரிமாண உருவமாக ஒரு யாளி செய்துகொண்டிருக்கிறேன். பிடரி, நகம், பல், தொடையில் கொடிச்சுருள் என்று எல்லாவற்றையும் செதுக்கிவிட்டேன். ஆனாலும் உயிர் வரவில்லை. முன்னால் சாய்ந்து விழப்போவது போலத் தெரிகிறது. மென்பொருளில் எந்தப் பிரஷை எடுத்தாலும் தோல் மேடும் பள்ளமுமாகவே வருகிறது. படம் இணைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும். எங்கே தவறு என்று யாராவது சொல்லுங்கள்.

தூரிகை72 (திங்கள், இரவு 11:58)

எந்த மென்பொருள், பிளெண்டரா, இசட்பிரஷா? மேற்பரப்பில் எத்தனை பாலிகான் (சிறு கட்டம்)? ஒரே ஒரு படம்தான் இருக்கிறது, அதுவும் நேர் முன்புறம். சாய்கிறது என்று சொல்கிறீர்கள், ஆனால் முன்னாலிருந்து பார்த்தால் சாய்வு தெரியாது. இரண்டு பக்கவாட்டுப் படங்களும், பின்புறமும், அந்தக் கட்டங்களின் கம்பிவலை தெரியும் படம் ஒன்றும் போடுங்கள்.

ரெசின்ராசு (செவ்வாய், காலை 6:15)

முடித்து என்ன செய்யப்போகிறீர்கள்? முப்பரிமாணமாக அச்சிடவா, அசைபடத்துக்கா? அச்சிடுவதாக இருந்தால் எத்தனை செ.மீ. உயரம்? அதைச் சொல்லாமல் எவ்வளவு நுணுக்கம் தேவை என்று யாராலும் சொல்ல முடியாது.

நிழல்வெளி (செவ்வாய், காலை 7:30)

எனக்கு இது வெளிச்சத்தின் கோளாறாகத்தான் தெரிகிறது. பளபளக்கும் சிவப்பு மெழுகு மேட்கேப்பில் (திரையில் உருவத்துக்குக் காட்டும் மேற்பூச்சு) வேலை செய்திருக்கிறீர்கள். அதில் நல்ல உருவம்கூட நனைந்த சோப்பு போலத் தெரியும். பளபளப்பில்லாத சாம்பல் நிறத்துக்கு மாறுங்கள். பிறகு உருவம் முழுவதையும் கறுப்பாக்கி, வெள்ளைப் பின்னணியில் நிழல் வடிவை மட்டும் பாருங்கள். நிழலை வைத்தே யாளி என்று சொல்ல முடியாவிட்டால், உள்ளே எத்தனை செதுக்கினாலும் பயனில்லை. பார்வைக் கேமராவின் குவியத்தூரத்தையும் 50 மி.மீ.யிலிருந்து 85க்கு ஏற்றிவிட்டு மறுபடியும் பாருங்கள்.

முப்பரிமாணன் (செவ்வாய், காலை 9:05)

இந்தக் கேள்வியை மாதத்துக்கு ஒருவர் கேட்கிறார். மூன்று வாரத்தில் யாளி செய்ய முடியாது, தம்பி. முதலில் ஒரு மண்டை ஓடு செய்யுங்கள். பிறகு ஒரு பூனை, அதற்குப் பிறகு நிற்கும் சிங்கம். நான் எட்டு மாதம் கைகளை மட்டுமே செய்தேன். பெரிய வடிவம், நடு வடிவம், சிறு வடிவம் என்ற வரிசையைப் படித்துவிட்டு வந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. படத்தில் பெரிய வடிவமே இல்லை, நகம் மட்டும் இருக்கிறது.

வைகைக்கரை (செவ்வாய், பகல் 1:20)

பிளெண்டர். 38 லட்சம் பாலிகான். 15 செ.மீ. உயரத்தில் ரெசினில் (ஒளி பட்டால் இறுகும் திரவம்) அச்சிட வேண்டும், அண்ணன் மகளின் பிறந்தநாளுக்கு. அவளுக்கு யாளி என்றால் உயிர். பக்கவாட்டுப் படங்களும் கம்பிவலையும் இணைத்திருக்கிறேன். பின்புறத்தில் இன்னும் ஒன்றும் செய்யவில்லை, அங்கே என்ன இருக்கும் என்று தெரியவில்லை.

தூரிகை72 (செவ்வாய், பகல் 1:51)

மேடுபள்ளத்துக்குக் காரணம் அந்த 38 லட்சம்தான். வழவழப்பாக்கும் ஸ்மூத் பிரஷ் கட்டங்களின் ஒவ்வொரு மூலைப் புள்ளியையும் அதன் பக்கத்துப் புள்ளிகளின் சராசரி இடத்துக்கு நகர்த்துகிறது. புள்ளிகள் நெருங்கிக் கிடந்தால் பக்கத்துப் புள்ளி மயிரிழைத் தூரத்தில் இருக்கும், பெரிய மேடு அசையவே அசையாது. நாள் முழுக்கத் தேய்த்தாலும் அப்படியேதான் இருக்கும். இப்போது இருப்பதை ஒரு பிரதி எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, வாக்சல் ரீமெஷ் (மேற்பரப்பைச் சம அளவுக் கட்டங்களாகத் திரும்பக் கட்டும் கட்டளை) போட்டு எண்ணிக்கையைச் சில ஆயிரங்களுக்குக் கொண்டுவாருங்கள். பல், கண், நகம் மூன்றையும் முதலில் தனிப் பொருளாகப் பிரித்துவிடுங்கள், வாக்சல் அளவைவிட, அதாவது ஒரு கட்டத்தின் அளவைவிட, மெலிந்த எதுவும் ரீமெஷில் கரைந்துபோகும். மேலுதடும் கீழுதடும் நெருக்கமாக இருந்தால் ஒட்டிக்கொள்ளும், வாயைக் கொஞ்சம் அகலத் திறந்து வையுங்கள்.

இன்னொரு சந்தேகம். கம்பிவலையில் கட்டங்கள் எல்லாம் நெடுக்காக நீண்டிருக்கின்றன. பொருளின் அளவு விகிதத்தைப் பாருங்கள். மூன்றும் 1 என்று இருக்கின்றனவா?

வைகைக்கரை (செவ்வாய், பகல் 2:10)

1, 1, 1.6 என்று இருக்கிறது. உயரம் போதவில்லை என்று மேல்நோக்கி இழுத்தேன்.

தூரிகை72 (செவ்வாய், பகல் 2:14)

அதுதான். ஸ்கேலை அப்ளை செய்யாமல், அதாவது இழுத்த அளவை உருவத்திலேயே நிலைப்படுத்தாமல், செதுக்கினால் பிரஷும் ரீமெஷும் நீங்கள் நினைப்பது போல நடக்காது. முதலில் கன்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்யுங்கள். பிறகுதான் ரீமெஷ். கோப்பில் யாளி 2 மீட்டர் உயரம் என்றால் வாக்சல் அளவை 0.03 மீட்டரிலிருந்து தொடங்கலாம்.

குதிரைவாலி (செவ்வாய், மாலை 5:40)

மாதிரிக்கு எதைப் பார்த்தீர்கள்? ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துத் தூண்களைப் பார்த்துச் செய்யுங்கள், எழும்பி நிற்கும் உடம்பு அங்கே அற்புதமாக இருக்கும்.

கல்லுளி (செவ்வாய், இரவு 8:02)

சேஷராயர் மண்டபத்தில் எழும்பி நிற்பவை குதிரைகள், மேலே வீரர்கள் இருக்கிறார்கள். அவை யாளிகள் அல்ல. யாளிக்கு வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபம், ஹம்பி விட்டலர் கோயில், மதுரைப் புது மண்டபம் ஆகியவற்றைப் பார்க்கலாம். மாமல்லபுரத்துத் தூண்களில் அடியில் உட்கார்ந்திருக்கும் சிங்கங்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அவை பல்லவர் காலத்தவை, தூணைத் தலையில் சுமப்பவை. முன்கால்களைத் தூக்கி எழும்பி நிற்கும் பெரிய யாளித் தூண் விஜயநகர, நாயக்கர் காலத்தில் செழித்தது.

வைகைக்கரை, புகைப்படம் பார்த்துத்தானே செய்தீர்கள்? எங்கிருந்து எடுத்தது?

வைகைக்கரை (செவ்வாய், இரவு 8:30)

ஆமாம், புது மண்டபம். நானே எடுத்தேன், கைபேசியில். தூணுக்கு மிக அருகில் நின்று அண்ணாந்து எடுத்தேன்.

கல்லுளி (செவ்வாய், இரவு 9:47)

அப்படியானால் உங்கள் சிக்கலில் பாதி அந்தப் படத்தில் இருக்கிறது. கைபேசியின் லென்ஸ் அகலக் கோணம் உடையது. அருகில் நின்று அண்ணாந்து எடுத்தால் தொடை பெரிதாகவும் தலை சிறிதாகவும் விழும். நீங்கள் அந்தச் சிறிய தலையையே செய்திருக்கிறீர்கள். பிறகு உயரம் போதவில்லை என்று இழுத்ததில் தலை குறுகி நீண்டு குதிரை முகமாகிவிட்டது. யாளியின் தலை உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது. பிதுங்கிய கண், அகன்ற தாடை, சுருண்ட உதடு. தலை சிறுத்தால் அது யாளியாக நிற்காது, மெலிந்த நாயாகிவிடும்.

மீதிப் பாதி தூணில் இருக்கிறது. கோயில் யாளி தனியாக நிற்கும் விலங்கு அல்ல. தூணும் யாளியும் ஒரே கல். அதன் முதுகு கல்லுக்குள் இருக்கிறது, எடையைத் தூண் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் சிற்பி மார்பை அவ்வளவு துணிச்சலாக முன்னால் தள்ள முடிந்தது. நீங்கள் தூணை எடுத்துவிட்டு யாளியை மட்டும் வைத்திருக்கிறீர்கள். அது விழத்தான் செய்யும். பின்புறத்தில் என்ன இருக்கும் என்று தெரியவில்லை என்கிறீர்கள். தூணில் அப்படி ஒரு பின்புறமே இல்லை, நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

விக்கிரகம் செய்பவர்கள் நடுவில் பிரம்ம சூத்திரம் என்று ஒரு தூக்குநூல் கோடு வைத்துக்கொண்டுதான் மற்ற அளவுகளைப் பிடிப்பார்கள். அதை நீங்களும் செய்யலாம். ஒரு மெல்லிய உருளையைச் செங்குத்தாக நிறுத்திப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். உடம்பின் கனம் குவியும் இடம், ஏறக்குறைய கடைசி விலாவுக்குக் கீழே, அங்கிருந்து நூல் விட்டால் இரண்டு பின்பாதங்களுக்கு நடுவே விழ வேண்டும். உங்கள் படத்தில் அது பாதத்துக்கு ஒரு சாண் முன்னால் விழுகிறது. இடுப்பைப் பின்னுக்கு இறக்குங்கள், மார்பை நிமிர்த்துங்கள், வாலைத் தடித்த வளைவாகத் தரையில் ஊன்றுங்கள். அல்லது தூணையே சேர்த்துச் செய்யுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி.

தூரிகை72 (செவ்வாய், இரவு 10:20)

எல்லாம் சரி, ஆனால் எடையை மட்டும் சொன்னால் போதாது. உள்ளே எலும்பு இல்லாததால்தான் பொம்மை போல இருக்கிறது. பின்காலைப் பாருங்கள், மனிதக் கால் போல மடித்திருக்கிறார். சிங்கத்தின் பின்காலில் முழங்கால் முன்நோக்கி வயிற்றருகே இருக்கும், பின்னால் துருத்திக்கொண்டிருப்பது குதிகால், நடப்பது விரல்களில். தோள்பட்டை எலும்பு மார்புக்கூட்டோடு மூட்டால் பூட்டப்பட்டதல்ல, தசைகளில் தொங்குகிறது. முன்காலைத் தூக்கினால் அதுவும் சுழன்று நகரும். இவர் தோளை அசைக்காமல் காலை மட்டும் தூக்கியிருக்கிறார். பல்லும் தவறு. கீழ்க் கோரைப்பல் மேல் கோரைப்பல்லுக்கு முன்னால் வர வேண்டும், இங்கே பின்னால் இருக்கிறது.

கல்லுளி (செவ்வாய், இரவு 10:41)

யாளிக்குச் சிங்கத்தின் எலும்பை ஏன் போடுகிறீர்கள்? சிம்ம யாளி, கஜ யாளி, அசுவ யாளி என்று முகம் மாறிக்கொண்டே போகும் ஓர் உருவம் அது. தசையைக் கொடிச்சுருளாகவே மாற்றியவர்கள் அந்தச் சிற்பிகள். தோள்பட்டை எங்கே சுழல்கிறது என்று கணக்குப் பார்த்தால் மிருகக்காட்சி சாலைச் சிங்கம் கிடைக்கும், யாளி கிடைக்காது.

தூரிகை72 (செவ்வாய், இரவு 10:55)

சிங்கத்தைத் தெரிந்துகொண்டு மீறுவதற்கும் தெரியாமல் தவறுவதற்கும் வேறுபாடு இருக்கிறது. புது மண்டபத்து யாளியின் பின்காலில் குதிகால் சரியான இடத்தில்தான் இருக்கிறது. அதைச் செதுக்கியவர் விலங்கை உற்றுப் பார்த்தவர். சுருள் அந்த வடிவத்தின் மேல்தான் ஏறியிருக்கிறது.

குதிரைவாலி (செவ்வாய், இரவு 11:10)

சங்கப் பாடல்களில் வரும் ஆளி, அதாவது யாளி, யானையையே கொல்லும் விலங்கு. அப்படியானால் ஒரு காலத்தில் இருந்த விலங்காக இருக்கலாம் அல்லவா? அப்போது எலும்பும் இருந்திருக்குமே.

முப்பரிமாணன் (செவ்வாய், இரவு 11:25)

கேட்டவருக்கு இருப்பது ஐந்து நாள். ஆளி இருந்ததா இல்லையா என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள். கல்லுளி சொன்ன தூக்குநூல்தான் இந்தப் பக்கத்தில் உருப்படியான பதில், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். தம்பி, பிடரியை மயிர் மயிராகக் கீறியிருப்பதை எல்லாம் அழித்துவிடுங்கள். மனம் கேட்காது, ஆனாலும் அழியுங்கள்.

ரெசின்ராசு (புதன், காலை 6:40)

பிடரி பற்றி அவர் சொல்வது சரி. 15 செ.மீ. உருவத்தில் அந்தக் கீறல்கள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது, வண்ணம் பூசினால் அடியோடு மறைந்துவிடும். தூணில் இருப்பது போலச் சுருள் சுருளாக, ஒவ்வொன்றும் இரண்டு மி.மீ. அகலத்துக்குக் குறையாமல் செய்யுங்கள். உள்ளே குடைந்து, சுவர் 2 மி.மீ. விட்டு, அடியில் இரண்டு வடிகால் துளை வையுங்கள். துளை இல்லாவிட்டால் உள்ளே ரெசின் தேங்கி, சில வாரம் கழித்துக்கூடச் சுவர் வெடிக்கலாம். குழந்தைக்குக் கொடுப்பதால் இதைக் கட்டாயம் பாருங்கள். நன்றாகக் கழுவி, புற ஊதா வெளிச்சத்தில் முழுதாக இறுக்கிய பிறகே கையில் கொடுங்கள்.

நிழல்வெளி (புதன், காலை 8:12)

வாய்க்குள் உருளும் கல் பந்து வைப்பீர்களா? அதுதானே யாளியின் அழகு.

ரெசின்ராசு (புதன், காலை 8:30)

வைக்கலாம். பந்துக்கும் வாய்க்கும் நடுவே எல்லாப் பக்கமும் அரை மி.மீ. இடைவெளி விட வேண்டும். அச்சிடும்போது பந்தைத் தாங்கும் தாங்குகாலைப் பிறகு உடைத்து எடுக்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். பற்களின் இடைவெளியைவிடப் பந்து பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே வந்துவிடும், சிறு குழந்தைக்கு ஆபத்து. அவளுக்கு என்ன வயது?

வைகைக்கரை (வெள்ளி, இரவு 12:50)

அனைவருக்கும் நன்றி. ஸ்கேலை அப்ளை செய்து, ரீமெஷ் போட்டு, இரண்டு இரவில் திரும்பச் செய்தேன். தலையை ஒன்றரை மடங்கு பெரிதாக்கினேன். நூல் இப்போது பாதங்களுக்கு நடுவே விழுகிறது. குதிகாலையும் பல்லையும் திருத்திவிட்டேன். தூணையும் சேர்த்தே செய்துவிட்டேன், கல்லுளி ஐயா. புதிய படம் இணைப்பில். நாளைக் காலை அச்சுக்குக் கொடுக்கிறேன்.

கல்லுளி (வெள்ளி, காலை 5:55)

நிற்கிறது. இடது முன்காலை மட்டும் தூணிலிருந்து இன்னும் கொஞ்சம் விலக்குங்கள், நடுவே வெளிச்சம் புகட்டும்.

ரெசின்ராசு (வெள்ளி, காலை 7:20)

படத்தில் வடிகால் துளை தெரியவில்லை. தூணின் அடியில் வைத்தீர்களா? அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ரெசின்ராசு (ஞாயிறு, மாலை 6:05)

வைகைக்கரை, துளை வைத்தீர்களா?