கெஸ்டுக்குள் குறுக்கீடு: ‘செலுத்தல்’ பொருந்துமா, ‘புகுத்தல்’ வேண்டுமா?

கோவையிலிருந்து:

வணக்கமுங்க. கேவிஎம் (லினக்ஸ் கெர்னலுக்குள் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் பகுதி) பற்றிய பாட வரைவில் ‘இன்டரப்ட் இன்ஜெக்‌ஷன்’ என்பதற்குக் ‘குறுக்கீடு செலுத்தல்’ என்று இருக்குது. எனக்கு இது ஒத்து வரலைங்க. வன்பொருள் தன் கம்பி வழியாகச் சிபியுவுக்குக் குறுக்கீட்டை (கைவேலையை நிறுத்தி என்னைக் கவனி என்னும் சைகையை) சேர்ப்பதையும் அதே வரைவு ‘செலுத்தல்’ என்றே சொல்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை.

கெஸ்ட் (மெய்நிகர் கணினிக்குள் ஓடும் இயங்குதளம்) ஓடும்போது நெட்வொர்க் கார்டு குறுக்கிட்டால், வழக்கமான அமைப்பில் விஎம் எக்ஸிட் ஆகி (கெஸ்டை விட்டு வெளியேறி) ஹோஸ்ட் கெர்னலிடம்தான் முதலில் வரும். அது கெஸ்டுக்கு உரியது என்றால், கெர்னல் மெய்நிகர் ஏபிக்கின் (குறுக்கீடுகளை வரிசைப்படுத்தும் சாதனத்தின்) ஐஆர்ஆர் பதிவகத்தில் (காத்திருப்பவற்றின் பட்டியலில்) உரிய வெக்டரின் (குறுக்கீட்டு எண்ணின்) பிட்டை 1 ஆக்கும். அடுத்த விஎம் என்ட்ரிக்கு (கெஸ்டுக்குள் திரும்புவதற்கு) முன் விஎம்சிஎஸ்-இல் (கெஸ்டை ஓட்ட இன்டெல் சிபியு பார்க்கும் கட்டுப்பாட்டுப் பகுதியில்) ஒரு புலத்தை நிரப்பும்: 0 முதல் 7 வரையான பிட்களில் வெக்டர், 8 முதல் 10 வரை வகை, 31ஆம் பிட்டில் 1. அந்தக் கடைசி பிட் விட்டுப்போனால் மற்றதெல்லாம் எழுதியும் பயனில்லை. என்ட்ரி முடிந்ததும், கெஸ்டின் அடுத்த கட்டளை ஓடுமுன்பே, சிபியு கெஸ்டின் ஐடிடி (எந்த வெக்டருக்கு எந்த நிரல் என்னும் அட்டவணை) வழியாக ஹேண்ட்லருக்கு, அதாவது அதைக் கவனிக்கும் நிரலுக்குத் தாவும். இங்கே கம்பியில் எதுவும் வரவில்லை. கெர்னல் தானே உள்ளே வைத்தது. ஆகவே ‘புகுத்தல்’ என்று வைக்கலாமுங்க.

ஈரோட்டிலிருந்து:

புகுத்தல் சரிதானுங்கண்ணா. அதைவிட ‘இன்டரப்ட் விண்டோ’வுக்கு (கெஸ்ட் குறுக்கீட்டை ஏற்கும் வேளைக்கு) எழுதியிருக்கும் ‘சாளரம்’தான் உறுத்துது. படிக்கிற பிள்ளைகள் திரையில் திறக்கும் சாளரத்தைத்தான் நினைப்பாங்க.

கெஸ்ட் தன் ஐஎஃப் கொடியை (குறுக்கீட்டை ஏற்பதா எனச் சொல்லும் பிட்டை) 0 ஆக்கி வைத்திருந்தால் புகுத்தக் கூடாது. மீறினால் என்ட்ரியே தோற்றுவிடும். கொடியை 1 ஆக்கும் எஸ்டிஐ கட்டளை போட்ட உடனும் அடுத்த ஒரு கட்டளை முடியும்வரை தடை உண்டு. எனவே கேவிஎம் குறுக்கீட்டை நிலுவையில் வைத்து, தடை நீங்கியதும் எக்ஸிட் ஆகும்படி விஎம்சிஎஸ்-இல் ஒரு கட்டுப்பாட்டு பிட்டை ஏற்றிவிட்டு கெஸ்டை ஓடவிடும்.

கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைப்பாங்களே, அப்போது முறை இல்லாத மடைக்கு முன்னால் தண்ணீர் இருந்தும் வயலுக்குப் போகாது. ‘மடை’ என்றே வைத்தால் நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

திருப்பூரிலிருந்து:

மடை என்பது பொருளின் பெயர்; மூடியிருந்தாலும் அது மடைதான். எக்ஸிட் நடப்பது திறக்கும் நேரத்தில். எனவே ஐஎஃப் கொடியை மடை என்றும், இந்த வேளையை ‘மடைதிறப்பு’ என்றும் பிரித்தால் குழப்பம் இராதுங்க.

இன்னொரு சொல்லும் தேவை. புகுத்திய குறுக்கீட்டைச் சிபியு கெஸ்டிடம் சேர்த்துக்கொண்டிருக்கும்போதே, கெஸ்டின் ஸ்டாக் இருக்கும் நினைவகப் பக்கம் ஈபிடி-இல் (கெஸ்டின் முகவரியை மெய்யான நினைவக முகவரியாக மாற்றும் அட்டவணையில்) இல்லாததால் எக்ஸிட் ஆகலாம். ஆனால் கேவிஎம் புகுத்தும்போதே பிட்டை ஐஆர்ஆரிலிருந்து எடுத்து ஐஎஸ்ஆரில் (கவனிக்கப்படுபவற்றின் பட்டியலில்) வைத்துவிட்டது. எக்ஸிட்டுக்குப் பின் ஐடிடி வெக்டரிங் தகவல் புலத்தை (எது பாதியில் நின்றது எனச் சிபியு குறித்த இடத்தை) படித்து மீண்டும் புகுத்தாவிட்டால் அந்தக் குறுக்கீடு தொலைந்தே போகும். கெஸ்டில் டிஸ்க் கோரிக்கை ஒன்று முடியாமல் தொங்கும். ஐஎஸ்ஆர் பிட்டும் ஈஓஐ (கவனித்து முடித்தேன் என்னும் கெஸ்டின் அறிவிப்பு) வராமல் அப்படியே நிற்பதால், அதே முன்னுரிமைக்கும் அதற்குக் கீழானவற்றுக்கும் வழி அடைபடும். இதற்கு ‘மறுபுகுத்தல்’ என்று தனிச்சொல் வேண்டும். பிழை தேடும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கு.

கோவையிலிருந்து:

மடைதிறப்பு, மறுபுகுத்தல் இரண்டையும் வரைவில் சேர்க்கிறேனுங்க. ஈஓஐக்கு ‘முடிப்பு அறிவிப்பு’ போதும்.

‘போஸ்டட் இன்டரப்ட்’ மட்டும் இந்த வரிசையில் சேராது. அங்கே 64 பைட் விவரிப்பியில் உள்ள 256 பிட் பட்டியலில் குறித்துவிட்டு, அறிவிப்பு வெக்டர் ஒன்றை அனுப்பினால் போதும். கெஸ்ட் அப்போது சிபியுவில் ஓடிக்கொண்டிருந்தால் எக்ஸிட் இல்லாமலே சிபியு தானே எடுத்து, மடை திறந்திருக்கிறதா என்றும் பார்த்துச் சேர்த்துவிடும். கெர்னல் எதையும் புகுத்தவில்லை. அதை ‘குறித்துவைத்த குறுக்கீடு’ என்று தனிப் பத்தியில் எழுதலாம். எச்எல்டி (குறுக்கீடு வரும்வரை நிறுத்தும் கட்டளை) போட்டு உறங்கும் மெய்நிகர் சிபியுவைக் கெர்னல்தான் எழுப்ப வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடணும்.