வெற்றுத் தோட்டாக் கூடுகளில் பித்தளையை மட்டும் பொறுக்குவது ஏன்?

செவ்வேள்:
வணக்கம். டெக்சாஸில் வேலை பார்க்கிறேன். உடன் பணியாற்றும் ஒருவர் சென்ற வாரம் என்னைத் துப்பாக்கி சுடும் திடலுக்கு அழைத்துச் சென்றார். சுட்டு முடித்ததும் தரையில் சிதறிக் கிடந்த வெற்றுக் கூடுகளில் மஞ்சளாக இருந்தவற்றை மட்டும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். சாம்பல் நிறக் கூடுகளைக் காலால் ஒதுக்கிவிட்டார். மறுபடி வெடிமருந்து நிரப்பப் பித்தளைதான் உதவும் என்றார். எஃகு அதைவிட உறுதியானதல்லவா? அலுமினியத்தையும் ஏன் விலக்குகிறார்கள்?

உலைக்களத்தான்:
கல்லூரியில் உலோகவியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இங்கே உறுதியைவிட முக்கியமானது மீள்தன்மை. சுடும் கணத்தில் கூட்டின் சுவர் விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்க வேண்டும். அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி, இழுத்தால் வந்துவிட வேண்டும். 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளை இதை அழகாகச் செய்கிறது. எஃகின் விறைப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்பதால் அது அந்த அளவுக்குப் பின்வாங்குவதில்லை. பழைய அளவுக்குக் கொண்டுவர டை எனும் அச்சில் அழுத்தும்போதும் அது முரண்டு பிடிக்கும். மேற்பூச்சு உரிந்துவிட்டால் துருவும் ஏறும்.

பித்தளையும் ஒவ்வொரு முறையும் இறுகத்தான் செய்கிறது. ஆனால் கழுத்துப் பகுதியை மட்டும் அளவாகச் சூடேற்றினால் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும். அடிப்பகுதியில் சூடு ஏறவே கூடாது. அது இளகினால் அழுத்தத்தைத் தாங்காது.

மணிமுத்தாறு:
பதினொரு ஆண்டுகளாக ஒஹையோவில் இதைப் பொழுதுபோக்காகச் செய்து வருகிறேன். நடைமுறைத் தடை வேறொன்றும் உண்டு. ரஷ்ய எஃகுக் கூடுகளில் பெரும்பாலானவை பெர்டான் வகையைச் சேர்ந்தவை. வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர் அமரும் குழியின் அடியில் இரு சிறு துளைகள் இருக்கும். பாக்ஸர் வகையில் நடுவே ஒரே துளை இருப்பதால், டையில் உள்ள ஊசி பழைய பிரைமரை நேராகத் தள்ளிவிடும். பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். ஆயினும் அமெரிக்காவில் நிலைத்தது பாக்ஸரின் முறை!

எஃகில் முடியவே முடியாது என்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் செம்புத் தட்டுப்பாடு வந்தபோது, இந்தியானாவின் எவன்ஸ்வில்லில் .45 தோட்டாக்களுக்கு எஃகுக் கூடுகளையே செய்தார்கள். 1943இல் ஒரு சென்ட் நாணயமும் எஃகுக்கு மாறியது. அந்தக் கூடுகள் சிலவற்றை நான் நிரப்பிச் சுட்டிருக்கிறேன். இரண்டாம் முறையிலேயே வாய் பிளந்தது. அலுமினியம் அதற்கும் முன்பே விரிசல் விடும் என்பதால் தயாரிப்பாளர்களே மறுபடி நிரப்ப வேண்டாம் என்கிறார்கள்.

பித்தளையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். காகிதக் கிளிப்பின் நுனியை வளைத்து, கூட்டின் உட்சுவரில் அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். அடிக்குச் சற்று மேலே பள்ளத்தில் இடறினால், அந்தக் கூடு இரண்டாகப் பிரியவிருக்கிறது; குப்பைக்குத்தான்.

இந்தியாவிலிருந்து படிப்போர் கவனிக்க: உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம்.

செவ்வேள்:
இருவருக்கும் நன்றி. வெள்ளி போல் மின்னும் சிலவற்றையும் அவர் எடுத்துக்கொண்டாரே?

மணிமுத்தாறு:
அவை நிக்கல் முலாம் பூசிய பித்தளை. தோல் வாரில் நாட்கணக்கில் செருகி வைத்தாலும் பச்சைக் களிம்பு பிடிக்காது. நிரப்பலாம், ஆனால் வாய் சீக்கிரம் பிளக்கும், உரியும் முலாம் டையைக் கீறும்.

உலைக்களத்தான்:
களிம்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைக் கூடுகள் சுடாமலேயே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், கூட்டைச் செய்யும்போதே அதனுள் தங்கிவிட்ட தகைவும் (உள் இழுவிசையும்) சேர்ந்ததே காரணம் என்பது 1921இல்தான் தெளிவாயிற்று. ஆகவே உங்கள் நண்பர் கூடுகளைப் பளபளப்பாக்க எதைப் பயன்படுத்துகிறார் என்று கேளுங்கள். அம்மோனியா கலந்த பித்தளை மெருகு திரவமாக இருந்தால் அன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.