பூனைக்கு நீலகிரித் தைலம் தடவலாமா?

கோத்தகிரி_வாசி:
ராத்திரி மழையில நனைஞ்சு வந்த பூனை சுருண்டு கிடக்குது. உடம்பு சில்லுனு இருக்கு. தொடையில பல் பட்ட மாதிரி காயம், விரலிடுக்கில அட்டை. தைலம் தடவி, பாரசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கச் சொல்றாங்க. டாக்டர் காலையிலதான். அதுவரை என்ன செய்யலாம்?

தேயிலைக்காடு:
ரெண்டுமே வேண்டாங்க. பாரசிட்டமாலை முறிக்கிற நொதி பூனையோட ஈரல்ல மிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமப் போகும். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். ஒரே மாத்திரையில சாகலாம். தைலத்தை மேலே தடவினாலும் நக்கி உள்ளே போயிடும். டெட்டாலும் ஆகாது.

முதல்ல சூடு. துண்டால ஈரத்தை ஒற்றி எடுங்க. கை பொறுக்கும் வெந்நீரை பாட்டில்ல ஊற்றி, துண்டு சுற்றி வயிற்றுப் பக்கம் அணைச்சு வைங்க. விறைச்ச பூனை சுட்டாலும் நகராது, அதனால வெறும் பாட்டில் கூடாது. மூடின அறையில கரி அடுப்பு வைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடு உங்களையும் சேர்த்துக் கொல்லும். ஆசனவாயில தெர்மாமீட்டர் வச்சா 100.5 முதல் 102.5 ஃபாரன்ஹீட் இயல்பு. 99க்குக் கீழே இருந்தா பால்கூட ஊற்றாதீங்க, நுரையீரலுக்குள்ள போயிடும்.

மலைச்சாரல்:
அட்டைக்கு உப்பு, புகையிலைதான் நம்ம பக்கத்து வழக்கம். பூனைக்கு அது ஆகாது: அட்டை கக்கினது காயத்துக்குள்ள போகும், புகையிலையை நக்கினா நிக்கோட்டின் விஷம். மெலிஞ்ச முனைதான் வாய். அதோட அடியில நகத்தைப் பக்கவாட்டில தள்ளி விடுவிங்க, அப்புறம் தடிச்ச முனை. ரத்தம் உறையாம கசியும். சுத்தத் துணியை வச்சு 10 நிமிஷம் அழுத்துங்க, நடுவுல எடுத்துப் பார்க்காதீங்க.

காயத்துக்கு: கொதிச்சு ஆறின அரை லிட்டர் தண்ணியில தலைதட்டின ஒரு டீஸ்பூன் உப்பு. ஊசி இல்லாத சிரிஞ்சால மெல்லப் பீய்ச்சுங்க. மஞ்சள் அப்பாதீங்க. பல் பட்ட ஓட்டை மேலே சீக்கிரம் மூடிக்கும், ரெண்டு மூணு நாள்ல உள்ளே சீழ் கட்டும். அதனால ஆறின மாதிரி தெரிஞ்சாலும் டாக்டர்கிட்ட காட்டணும்.

கோத்தகிரி_வாசி:
முதுகுல தைலம் கொஞ்சம் தடவியாச்சே!

தேயிலைக்காடு:
அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணியும் பாத்திரம் கழுவுற திரவ சோப்பு ஒரு சொட்டும் தொட்டுத் துடைச்சு, உடனே உலர்த்துங்க. குளிப்பாட்டினா இன்னும் விறைக்கும். வாந்தி எடுக்க வைக்க முயலாதீங்க. எச்சில் ஒழுகினா, தள்ளாடினா விடியும்வரை காத்திருக்காம டாக்டருக்கு போன் பண்ணுங்க.

மலைச்சாரல்:
தடிச்ச துண்டுல சுற்றியே தூக்குங்க. எது கடிச்சதுன்னு தெரியாத பூனை. உங்களைக் கடிச்சாலோ கீறினாலோ ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, அன்னைக்கே ரேபிஸ் ஊசிக்குப் போங்க.