போதையிலிருந்து மீண்ட தாய், இன்னொரு தாய்க்கு நீதிமன்றத்தில் துணை நிற்கலாமா?

வாசுகி:
லண்டனில் 2008இல் தொடங்கிய எஃப்-டாக் என்ற குடும்ப போதை, மது நீதிமன்றம் தெரியும்தானே? பெற்றோரின் பழக்கத்தால் குழந்தையை அவர்களிடமிருந்து எடுக்க உள்ளூராட்சி கவுன்சில் வழக்குப் போட்டால், சம்மதிக்கும் பெற்றோருக்கு அங்கே சிகிச்சையும் வழக்கும் சேர்ந்தே நடக்கும். இரு வாரத்துக்கு ஒருமுறை வக்கீல் இல்லாமல் அதே நீதிபதியிடம் நேரில் பேசலாம். போதையிலிருந்து மீண்ட பெற்றோரையும் துணைக்கு வைத்தார்கள். என்னைக் கேட்டால் எல்லா ஊரிலும் இது வேண்டும்.

குமரன்:
நீதிமன்றம் சரி. துணைக்கு வருகிறவர்தான் இடிக்கிறது. நேற்றுவரை குடித்தவரிடம் ஒரு குழந்தையின் வழக்கை நம்பி விடுவதா?

வாசுகி:
அண்ணா, வழக்கை யாரும் அவரிடம் விடவில்லை. சோஷியல் வொர்க்கர், டாக்டர், நீதிபதி எல்லாரும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எல்லாருமே வழக்கில் இருக்கும் தாயைப் பற்றி அறிக்கை எழுதுகிறவர்கள். ஒருநாள் வழுக்கிக் குடித்துவிட்டால் அவர்களிடம் வாயைத் திறப்பாளா? முடியை வெட்டிப் பரிசோதித்தால் மாதக்கணக்கில் உட்கொண்டது தெரிந்துவிடும், அது வேறு. "அறிக்கை வருவதற்கு முன் நீயே போய்ச் சொல்லு, நான் வாசலில் இருக்கிறேன்" என்று சொல்ல, அந்த வாசலில் நின்ற ஒருத்தி வேண்டாமா?

மாலதி:
நான் ஃபாஸ்டர் தாய், இப்படி எடுத்த குழந்தைகளை வீட்டில் வைத்து வளர்ப்பவள். பெற்ற தாய் குழந்தையைப் பார்க்க வரும் அறையில், மூலையில் ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருப்பார். நாப்கினை மாற்றும்போது அம்மாவின் கண் பிள்ளை மேல் இருக்காது, அந்தப் பேனா மேல்தான் இருக்கும். அதனால் வாசுகி சொல்வது புரிகிறது. ஆனால் இங்கிலாந்தின் 2014 சட்டப்படி இப்படிப்பட்ட வழக்கு 26 வாரத்தில் முடிய வேண்டும். ஒரு கைக்குழந்தைக்கு அதுவே அரை வயசு. "இன்னும் கொஞ்சம் பொறுங்கள், அவள் தேறிவிடுவாள்" என்று தோழி மாதிரிப் பேசுகிறவரால் நாள் தள்ளிப்போனால், காத்திருப்பது குழந்தைதான்.

வாசுகி:
பலன் இருக்கிறதே, அக்கா. 2023இல் வந்த ஆய்வில், வழக்கு முடியும்போது எஃப்-டாக் குழந்தைகளில் 52 சதவீதம் பெற்றோரிடமே திரும்பினார்கள். வழக்கமான நீதிமன்றத்தில் 12.5 தான்.

குமரன்:
அங்கேதான் பிடி இருக்கிறது, தங்கச்சி. அந்த 52 மொத்த ஏற்பாட்டுக்குக் கிடைத்த எண். அதே நீதிபதி, தனிச் சிகிச்சைக் குழு, அடிக்கடி பரிசோதனை, எல்லாம் அதில் அடக்கம். துணைத் தாய்க்கு அதில் எவ்வளவு பங்கு என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. மொத்தப் புகழையும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

வாசுகி:
ஒப்புக்கொள்கிறேன். பிரித்து அளக்க வேண்டியதுதான். அதற்காக நிறுத்தி வைப்பதா? பயிற்சி கொடுங்கள், சம்பளம் கொடுங்கள். குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் குழுவிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதை முதல் நாளே அந்தத் தாயிடமும் சொல்லிவிடுங்கள்.

மாலதி:
சம்பளம் என்றால் சரி. இலவசச் சேவை என்ற பெயரில் சோஷியல் வொர்க்கர் வேலையை இவர்கள் தலையில் தள்ளுவார்கள், அதுதான் என் பயம்.

குமரன்:
ராத்திரி 11 மணிக்கு அந்தத் தாய் அழுதுகொண்டே போன் பண்ணுகிறாள். இவரும் பழைய குடிகாரர். கேட்டுவிட்டு வைத்த பிறகு இவருக்கே கை பரபரத்தால் யாரைக் கூப்பிடுவார்? அதற்கு ஒரு ஆளை ஏற்பாடு செய்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.