மழைக்காலத்தில் குழந்தைகளுக்குப் படர்தாமரை: அடங்கி மறுபடி பரவுவது ஏன்?

யாங்கோன் அம்மா:
வணக்கம். மகனுக்கு 7 வயது. தொடையில் கட்டைவிரல் நகம் அளவு வட்டமாகப் படர்தாமரை வந்தது. கடையில் கொடுத்த களிம்பில் சில நாளிலேயே அரிப்பும் சிவப்பும் அடங்கின. நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாக, ஓரம் தெரியாமல் பரவிவிட்டது. டியூபில் பீட்டாமெத்தசோன், குளோட்ரிமசோல், நியோமைசின் என்று மூன்று பெயர். 4 வயது தங்கச்சிக்கும் உச்சந்தலையில் ஓரிடத்தில் முடி உதிர்ந்து செதிலாக இருக்கிறது. அவளுக்கும் இதையே தடவலாமா? துணி வேறு காயவே மாட்டேன் என்கிறது.

மோல்மேன் மருந்தாளுநர்:
அக்கா, அந்தக் களிம்பை இன்றே நிறுத்துங்கள். பீட்டாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. தோலின் எதிர்ப்பை அது அடக்கிவிடுவதால் அரிப்பு போகும், பூஞ்சை உள்ளே நிம்மதியாகப் பரவும். வட்டத்தின் ஓரம் மறைந்ததும் அதனால்தான். தொடை இடுக்கில் நீண்ட நாள் போட்டால் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும், அது மறையாது. நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடும். பயந்து மறுபடி அதைக் கையில் எடுக்காதீர்கள்.

பூஞ்சையைக் கொல்லும் குளோட்ரிமசோல் 1% மட்டும் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். குளித்து, துடைத்து, தோல் நன்றாக உலர்ந்தபின் காலையும் இரவும் தடவ வேண்டும். படை தெரியும் இடத்தைத் தாண்டி 2 செ.மீ. நல்ல தோலிலும் போடுங்கள். பெரியவர் ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும், அது விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். தோல் தெளிந்த பிறகும் 2 வாரம் விடக்கூடாது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். படைமேல் தனக்கா (மரப்பட்டை அரைத்த சாந்து) பூச வேண்டாம், ஓரம் நகர்கிறதா என்று பார்க்க முடியாமல் போகும். 2 வாரத்தில் குறையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். வட்டமாக வரும் எல்லாமே படர்தாமரை ஆகிவிடாது.

தோல் பிரிவு செவிலி:
தங்கச்சிக்கு எந்தக் களிம்பும் வேண்டாம். தலையில் பூஞ்சை முடித்தண்டுக்கும் வேர்ப்பைக்கும் போய்விடும், மேலே பூசுவது அங்கே எட்டாது. முதலில் செதிலையும் முறிந்த முடியையும் எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அதற்குமுன் மருந்து தடவியிருந்தால் பூஞ்சை கண்ணில் படாமல் போகலாம்.

பூஞ்சைதான் என்று உறுதியானால் கிரிசியோஃபல்வின் அல்லது டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்தை உள்ளுக்குக் கொடுப்பார்கள். அளவை எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். கிரிசியோஃபல்வின் என்றால் வழக்கமாக 6 முதல் 8 வாரம். முட்டை, பால் போன்ற கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால் உடம்பில் நன்றாகச் சேரும், வெறும் வயிற்றில் கொடுத்தால் பாதி வீண். கூடவே கீட்டோகோனசோல் 2% ஷாம்பு, வாரம் இரண்டு முறை, நுரையை 5 நிமிடம் விட்டு அலசவும். இது தலையை ஆற்றாது, மற்றவருக்குத் தொற்றுவதைக் குறைக்கும். மொட்டை அடிக்கத் தேவையில்லை.

அந்த இடம் மெத்தென்று வீங்கிச் சீழ் கோத்தால் உடனே கூட்டிப் போங்கள். கட்டி என்று நினைத்துக் கீறவே கூடாது. தாமதித்தால் தழும்பாகி அங்கே முடி முளைக்காமலே போகலாம். வீட்டில் பூனைக்குட்டி இருந்தால் காது, முகம், பாதம் பாருங்கள். முடி கொட்டியிருந்தால் அதற்கும் வைத்தியம் வேண்டும், இல்லையென்றால் தொற்று திரும்பத் திரும்ப வரும்.

பெகு வாசகி:
துணி விஷயம்: துண்டு, சீப்பு, தலையணை உறை, கைலி ஆளுக்கொன்று. பருத்தித் துணியை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். கரண்ட் இருக்கும்போது இடுப்புப்பட்டி, தையல் மடிப்பு இரண்டையும் இஸ்திரி போட்டு முழுக்கக் காய வையுங்கள், ஈரம் கடைசிவரை நிற்பது அங்கேதான். மழையில் நனைந்த பச்சைக் கால்சட்டையைப் பள்ளி விட்டு வந்ததும் கழற்றி, இடுக்கையும் விரலிடையையும் துடைத்து உலர்த்துங்கள்.

யாங்கோன் அம்மா:
நன்றி. இருவரையும் பள்ளிக்கு அனுப்பலாமா?

தோல் பிரிவு செவிலி:
மருந்து தொடங்கிவிட்டால் அனுப்பலாம். மகனுக்குப் படை துணிக்குள் மறைந்திருக்கட்டும். தங்கச்சியின் தொப்பி, ரிப்பன், சீப்பு வேறு பிள்ளை கைக்குப் போகக்கூடாது என்று டீச்சரிடம் சொல்லி வையுங்கள்.