துணி துவைக்கிற பழக்கத்துல ஒரு ஆளைப் புரிஞ்சுக்கிட்ட அனுபவம் இருக்கா?

மேன்ஷன்வாசி
திருவல்லிக்கேணி மேன்ஷன். ஞாயித்துக்கிழமை பக்கெட் சண்டையெல்லாம் உங்களுக்கே தெரியும். என் ரூம்மேட் என் பக்கெட்டுல வியாழக்கிழமை ஊற வெச்சா ஞாயிறு வரைக்கும் தொட மாட்டான். அந்த நாத்தத்தைக்கூட மன்னிச்சிடலாம். ஒருநாள் திடீர்னு மழை. மாடிக்கு ஓடி அவன் துணியை மட்டும் எடுத்துட்டு வந்துட்டான். அவன் சட்டையும் என் சட்டையும் ஒரே கிளிப்புல கிடந்துச்சு. அவனோடதை உருவிட்டு, என்னோடதை அதே கிளிப்புல திரும்ப மாட்டிட்டு வந்திருக்கான். கொட்டுற மழையில. வருஷம் பல ஆச்சு, இன்னும் ஆறல.

மதுரை மருமகள்
எங்க வீட்டுல அவரோட ஜட்டி, பனியன் எல்லாம் வாசப்பக்கக் கொடியில. என்னோடது பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி. ஈரம் போகாம ஒரே அரிப்பு. டாக்டரே வெயில்ல காயப்போடுங்கன்னு சொன்னதால மாடியில போட்டேன். அத்தை ஒரு வார்த்தை பேசல. ஒரு துண்டை எடுத்துட்டு வந்து மேல விரிச்சு, ரெண்டு பக்கமும் கிளிப் போட்டுட்டு இறங்கிப் போனாங்க. திட்டியிருந்தா பதில் சொல்லியிருப்பேன்.

தாம்பரம் பெரியவர்
மேன்ஷன் தம்பி, அவரைக் கெட்டவர்னு முடிவு கட்டாதீங்க. அடுத்தவங்க துணியைத் தொடக்கூடாதுன்னு வளர்ந்திருக்கலாம். எங்க பாட்டி பூஜைக்கு ஆசாரமா வெச்சிருக்கிற மடித்துணியை உத்தரத்து மூங்கில்ல போட்டு, குச்சியாலதான் எடுப்பாங்க. நாங்க கிட்ட போகவே முடியாது.
அப்புறம், ஊற வைக்க 30 நிமிஷம் தாராளம். நாள்கணக்கா விட்டா நாத்தம்தான் மிஞ்சும். போர் தண்ணியில கால்சியம், மக்னீசியம் உப்பு அதிகமா இருந்தா சோப்புக் கட்டி நுரைக்காது, வெள்ளைத்துணியில சாம்பலா படியும். அதுக்குப் பவுடர் பரவாயில்ல. ரத்தக்கறையைப் பச்சைத்தண்ணியில அலசுங்க, சுடுதண்ணி பட்டா கறை பிடிச்சுக்கும். மஞ்சள்தூள் கறை சோப்பு பட்டதும் சிவக்கும், பயப்படாதீங்க, நல்ல வெயில்ல போட்டா வெளுத்துடும். முன்பக்கக் கதவு மெஷின் வெச்சிருக்கவங்க துவைச்சு முடிச்சதும் கதவைத் திறந்தே வைங்க, இல்லன்னா ரப்பர்ல பூஞ்சை பிடிக்கும்.

மேன்ஷன்வாசி
ஐயா, தொடக்கூடாதுன்னு வளர்ந்தவன் என் பனியனைக் கேக்காமலே போட்டுட்டு ஆபீஸ் போவானா? என் பக்கெட்டு மட்டும் அவனுக்கு ஆகுமா?

கோவைக்காரி
மதுரை அக்கா, உங்க துண்டு விஷயம் எனக்கு நல்லாப் புரியுது. எங்க வீட்டுல அவர் துவைப்பார், நான் மடிப்பேன். கல்யாணத்துக்கு முன்னாடியே பேசி வெச்சது. மாமா ஊர்ல இருந்து வந்திருந்தப்ப, மகன் என் புடவையைப் பிழியறதைப் பாத்துட்டு மாடிப்படியிலயே நின்னுட்டார். புடவையோட இன்னொரு முனையை நான் பிடிச்சிருந்தேன், தண்ணி சொட்டிட்டே இருக்கு, மூணு பேரும் பேசல. மறுநாள் காலையில பாத்தா தன் வேட்டியை அவரே துவைச்சுக் காயப்போட்டிருந்தார். ஊருக்குக் கிளம்பற வரைக்கும் அப்படித்தான். கோபமா, இல்ல மகனைப் பாத்து மாறினாரான்னு இவர்கிட்ட கேட்டேன். அவருக்கும் தெரியலையாம்.